மலைப்பாதை கேள்வி பதில்: முதலில் தண்ணீருக்கு வழி விடுவோம்

பெரும்பாலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள மலைகளிலும் காடுகளிலும் நடக்கிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளமாகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கினால் விஷயம் போய்விடும்.

கேள்வி (செந்தூல் வாசகி): கோயில் மகளிர் குழுவாக ஞாயிறு காலையில் புக்கிட் கியாரா மலையில் நடக்கிறோம். மழை பெய்தால் பாதை முழுக்கச் சேறு. எல்லாரும் ஓரமாகப் போய்ப் போய், ஓர் ஆள் போகிற பாதை லாரி போகிற அளவுக்கு அகன்றுவிட்டது. மாநகர் மன்றத்திடம் சொல்லி சிமெண்டுப் படி கட்டச் சொல்லலாமா?

பதில்: சிமெண்டு மட்டும் கேட்காதீர்கள் அம்மா. படி கட்டினால் மழைத் தண்ணீர் அதன் இரண்டு ஓரத்திலும் வேகமாக ஓடும், ஓரத்து மண்ணை அரிக்கும், நாளடைவில் படிக்கு அடியிலேயே குடைந்துவிடும், அப்புறம் படி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றிப் போக ஆட்கள் இன்னொரு பாதை போடுவார்கள்.

நம் ஊரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கிற மழை. மரத்தடியில் சருகு மூடிய மண் அதைக் குடித்துவிடும். ஆள் நடந்து நடந்து இறுகிய பாதை குடிக்காது. அதனால் தண்ணீர் பாதையிலேயே ஓடத் தொடங்குகிறது, தூரம் கூடக் கூட வேகமும் கூடுகிறது, மண்ணை வாரிக்கொண்டு போகிறது, வேர்கள் வெளியே தெரிகின்றன. நடுவில் சேறு என்று நாம் ஓரத்துக்குப் போகிறோம். ஓரத்துச் செடி மிதிபட்டுச் சாகிறது, அந்த மண்ணும் இறுகுகிறது. பாதை அகன்றது இப்படித்தான்.

இதற்கு வைத்தியம், தண்ணீரைப் பாதையில் நெடுந்தூரம் ஓடவிடாமல் சீக்கிரமே பள்ளத்துப் பக்கம் இறக்கிவிடுவது. பாதை உச்சியைப் பார்த்து நேராக ஏறாமல் மலையைச் சுற்றிச் சாய்வாக ஏற வேண்டும். 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயர்வது நல்ல கணக்கு. பாதையின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள்: நன்றாகப் பராமரிக்கிற பாதையில் ஆங்காங்கே தரை சற்றே இறங்கி மறுபடி ஏறும். இறங்கிய அந்த இடத்தில் பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் இரண்டு முழம் அகலத்துக்கு மண்ணைச் சரித்து வழித்து விட்டிருப்பார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேலிருந்து வருகிற தண்ணீர் முழுவதும் அங்கேதான் வெளியேறும். யாரோ ஒருவர் அரை நாள் குனிந்து மண்வெட்டியோடு செய்த வேலை அது. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்க்கிற மாதங்களில் அந்த வாய் சருகால் அடைபட்டுவிடும். அடைபட்டால் அடுத்த மழையில் தண்ணீர் அதைத் தாண்டி நேராகக் கீழே ஓடும், அந்த அரை நாள் உழைப்பு ஒரே சாயங்காலத்தில் போய்விடும்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய மரங்களின் அடியில் கத்தி பட்ட தழும்பு மேடு தட்டிப்போய் இன்றும் தெரியும், கையால் தடவிப் பார்க்கலாம். சரிவான தோட்டங்களில் மண் கரையாமல் இருக்க மலையைச் சுற்றிச் சமமாக வெட்டி, படிப் படியாக வரிசை போட்டு மரம் நட்டார்கள். வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். தண்ணீரை எப்படித் திருப்பி விடுவது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்த வேலை. நம் வீட்டில் யாருக்காவது அது இன்னும் ஞாபகம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்றைக்குப் பாதை அமைக்கிறவர்கள் செய்வதும் அதே கணக்குத்தான்.

இப்போது உங்கள் குழு செய்யக்கூடியது. சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே மிதித்துப் போங்கள். அதற்குத்தான் இருக்கிறது அடிடாஸ் கம்போங், பால் வெட்டுகிறவர்கள் போடுகிற அதே ரப்பர் சப்பாத்து, விலையும் குறைவு, கழுவினால் தீர்ந்தது. வளைவை வெட்டிக் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். வடிகால் வாயில் சருகு அடைத்திருந்தால் காலாலேயே தள்ளி விடுங்கள், இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் சொந்தமாக மண்வெட்டி கொண்டுபோய்ப் புதிதாக வெட்டக் கூடாது, தப்பான இடத்தில் வெட்டினால் கெடுதல்தான். ட்ராக்ஸ் என்று கோலாலம்பூர், சிலாங்கூர் பாதைகளுக்கான சங்கம் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் மலைச் சைக்கிள்காரர்கள், அந்த மலையில் பாதை போட்டுப் பராமரிப்பதில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். இப்படிப்பட்ட குழுக்கள் பாதை வேலைக்கு ஆள் கூப்பிடுகிற நாளில் உங்களில் நாலு பேராவது போய் நில்லுங்கள். ஒரு காலைப்பொழுது வேலை செய்தால் அப்புறம் பாதையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

கேள்வி (கெப்போங் வாசகர்): என் தாய்மாமன் குடும்பம் புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் வெட்டியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கத்து ரூமா பாஞ்சாங்கில், அந்த நீள வீடுகளில், நம் ஆட்கள் நிரந்தர வீட்டுக்காகக் காத்தே கிடக்கிறார்கள். அவர்களுக்கு வீடு தருகிற திட்டத்தை, பூங்காவைக் காப்பாற்றுகிறோம் என்று வழக்குப் போட்டு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் மரத்துக்குப் பேசுகிறீர்கள், மனிதனுக்கு யார் பேசுவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது ஐயா, அதை நான் மறுக்கப் போவதில்லை. தோட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது, பாட்டாளிகளைத் தற்காலிகம் என்று சொல்லி நீள வீடுகளுக்கு 1980-களில் மாற்றியது, அந்தத் தற்காலிகத்திலேயே பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். சுமார் 100 குடும்பங்கள். அந்த மலையில் காலை நடைக்குப் போகிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். தாமான் ரிம்பா கியாரா 25 ஏக்கர் பூங்கா. 2017-ல் அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் கட்டடம் எழுப்ப அனுமதி தரப்பட்டது. நம் மக்களுக்கும் மற்றவர்களுக்குமான கட்டுப்படி விலை அடுக்குமாடி ஒன்று, 29 மாடி. அதோடு வசதி படைத்தவர்களுக்கான உயர்ந்த கட்டடங்கள் எட்டு, ஒவ்வொன்றும் 40 மாடிக்கு மேல். ஆக, ஒரு கட்டடத்துக்காக ஒன்பது கட்டடம். கைவிடப்பட்ட தோட்டப் பாட்டாளியின் கூரையைக் காட்டித்தான் அந்தப் பூங்காவின் பாதி கேட்கப்பட்டது. எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

குடியிருப்பாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரின் கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று குறித்து வைத்திருக்கிற இடத்தை வேறொன்றாக மாற்றினால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். ரூமா பாஞ்சாங் மக்களுக்கு வீடு கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. வழக்குப் போட்ட தரப்பும், இப்போது வீடுகள் இருக்கிற சுமார் 4 ஏக்கரிலேயே அந்தக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்திருக்கிறது.

சொன்னால் மட்டும் போதாது என்று நீங்கள் எழுதப் போவது எனக்குத் தெரியும். அதில் நானும் உங்கள் பக்கம். பூங்கா தப்பித்த பிறகு கூட்டம் கலைந்து போய்விட்டால் அது அரைகுறை வேலை. பூங்காவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்களும் பதாகை பிடித்தவர்களும் அதே கையால் அந்தக் குடும்பங்களின் வீட்டுக்காகவும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத வேண்டும், அவர்களின் கோயில் திருவிழாவுக்கும் போய் நிற்க வேண்டும். அந்த மலையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பாதைக் குழுக்களில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று நான் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன், நீங்களும் வந்து கேளுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று குரங்குக்கு ரொட்டி போடுகிறோம். தப்பா?

பதில்: தப்புத்தான். ரொட்டிக்குப் பழகிய நீள்வால் குரங்கு, அடுத்து வருகிறவரின் பையைப் பிடுங்கும், கடிக்கும், புகார் போகும், கடைசியில் குரங்கைப் பிடித்துக் கொண்டுபோவார்கள். உங்கள் பினாங்கிலேயே பிள்ளைகளுக்குக் காட்ட வேறு விஷயம் இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கு சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது என்பதற்காக, தெலுக் பஹாங்கில் 2019-ல் பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்தே சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். மரத்திலிருந்து மரத்துக்கு அது போவதைத் தூரத்தில் நின்று காட்டுங்கள். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பிள்ளைகள் ரொட்டியை மறந்துவிடுவார்கள்.

கேள்வி (பத்து கேவ்ஸ் வாசகி): நடைபாதையில் பெரிய மரங்களுக்கு அடியில் பழைய சாமி படங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி உடைந்து கிடக்கிறது. எடுத்துப் போட மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் இல்லை. என்ன செய்வது?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி சகோதரி. பலருக்கு இருக்கிற சங்கடம், வெளியில் யாரும் பேசுவதில்லை.

வீடு மாறும்போது, அம்மா அப்பா காலமான பிறகு, பூசையறைப் படங்களை என்ன செய்வது என்று தெரியாமல் மரத்தடியில் வைக்கிறார்கள். குப்பையில் போட மனசு வரவில்லை, அந்த மனசு நல்ல மனசு. ஆனால் மரத்தடியில் ஒரு மழைக்காலம் போனால் என்ன ஆகிறது? சட்டம் கரையான் பிடித்து உதிர்கிறது, முருகன் முகத்தில் பூஞ்சணம் படர்கிறது, கண்ணாடி நொறுங்கிச் சருகுக்குள் மறைகிறது, அதன் மேல் ஒரு பிள்ளை கால் வைக்கிறது. வீட்டில் தினமும் விளக்கேற்றி வணங்கிய படத்துக்கு இது மரியாதை ஆகாது.

செய்ய வேண்டியது எளிது. படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, கண்ணாடியைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், மரச்சட்டத்தையும் கம்பியையும் தனியாக அகற்றுங்கள். தாளை மட்டும் உங்கள் கோயில் குருக்களிடம் கேட்டு ஒப்படையுங்கள், அல்லது வீட்டிலேயே வணங்கிவிட்டு அக்கினியில் சேர்த்துவிடுங்கள். வழியில் கிடக்கிற படத்தை எடுப்பதற்கும் பயப்பட வேண்டாம், கும்பிட்டுவிட்டு எடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று: ஆண்டுக்கு ஒரு நாளாவது பழைய படங்களை வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவியுங்கள். ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னால் போதும், பாதி மரத்தடிகள் சுத்தமாகிவிடும்.

காட்டுக்குள் சூடம் கொளுத்துவதையும் விட்டுவிடலாம். வறண்ட மாதத்தில் சருகு பிடித்துக்கொண்டால் யாராலும் அணைக்க முடியாது.

கேள்வி (கிள்ளான் ஆசிரியை): எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒரு மலைக்கு அழைத்துப்போய் மரம் நட வைக்க ஆசை. எங்கே, என்ன மரம் நடலாம்?

பதில்: டீச்சர், நடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் பஸ் ஏறிய பிறகு அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள், யார் களை பிடுங்குவார்கள் என்பதற்குப் பதில் இருந்தால்தான் நட வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் கொடி ஏறிச் செத்துப்போகும். காடு இருக்கிற இடத்தில் விதை ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது, பறவையும் கொண்டுவந்து போடுகிறது. அது முளைத்து வர இடம் விடுவதுதான் முதல் வேலை.

பிள்ளைகளுக்குக் களை பிடுங்கும் வேலை கொடுங்கள். பழைய ரப்பர்க் காட்டு ஓரங்களில் கிளிடேமியா என்று ஒரு செடி, மலாய்க்காரர்கள் செண்டுடோக் புலு என்பார்கள், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலை, தண்டு எல்லாம் பூனைமயிர் போல ரோமம், சிறிய கருநீலப் பழம். பறவை தின்று எங்கும் பரப்பிவிடும், அடியில் வேறு கன்று வர விடாது. இளம் செடி கையாலேயே வேரோடு வந்துவிடும், பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற குழுவிடம் முதலில் பேசி, எதைப் பிடுங்கலாம் என்று அவர்கள் காட்டிய பிறகு இறங்குங்கள்.

மரம் நட்டால் என்ன ஆகும் என்று காட்ட விரும்பினால் கெப்போங்கில் இருக்கிற வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு, ஃபிரிமுக்கு, அழைத்துப் போங்கள். அந்த இடம் 1920-களில் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், தோண்டி, காய்கறி போட்டு, மொட்டையாகக் கிடந்த நிலம். அதில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு அது. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே கப்பூர் மரங்களுக்கு அடியில் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் கிளை இன்னொரு மரத்தைத் தொடாது, நடுவில் வாய்க்கால் வாய்க்காலாக வானம் தெரியும். நம் கோயில்களில் தீர்த்தத்தில் போடுகிற பச்சைக் கற்பூரம் அந்த மர வகையிலிருந்துதான் வந்தது என்று சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வார்கள்.

கேள்வி (பூச்சோங் வாசகர்): நடக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போடலாமா? களைப்புத் தெரியாது.

பதில்: காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், அதுவும் ஒரு காதில் மட்டும். பின்னால் வருகிற சைக்கிள் சத்தம் இன்னொரு காதுக்கு வேண்டும்.

கேள்வி (ரவாங் இளைஞர்): காட்டுக்குள் போக வன இலாகாவின் பெர்மிட் வேண்டும், வழிகாட்டி வேண்டும் என்கிறார்கள். கடவுள் கொடுத்த மலைக்கு எதற்குக் காசு?

பதில்: தம்பி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம், அபராதம், சிறை இரண்டுக்கும் இடமுண்டு. சட்டத்தை விடு. பெர்மிட்டில் உன் பெயரும் எத்தனை பேர் என்பதும் இருக்கிறது. இருட்டிய பிறகும் நீ இறங்கவில்லை என்றால் உன்னைத் தேடி வருகிற தீயணைப்பு வீரர்களுக்கு அந்த ஒரு தாள்தான் தொடக்கம். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் மண் சரிந்து கூடாரத்தில் தூங்கியவர்கள் 31 பேர் இறந்தார்கள், உள்ளே எத்தனை பேர் என்பதே அன்றைக்கு எல்லாரும் கேட்ட முதல் கேள்வி. மலிம் குனோங் என்கிற பயிற்சி பெற்ற வழிகாட்டிக்குக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் உள்ளூர்க்காரரின் வீட்டுக்குப் போகிறது. காட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அருகில் இருந்தால் காட்டுக்கும் காவல்.

கேள்வி (வங்சா மாஜு வாசகி): வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புக்கிட் டிண்டிங்கில் தினமும் ஏறுகிறோம். அங்கே வீடமைப்புத் திட்டம் வருகிறது என்கிறார்கள். காட்டை எப்படி வெட்ட முடியும், அது அரசாங்கக் காடுதானே?

பதில்: மரம் நிற்கிற இடமெல்லாம் வனக் காப்பகம் ஆகிவிடாது அம்மா. அந்த மலையில் தனியார் நிலம் இருக்கிறது. நாம் நடப்பதால் அது பூங்கா என்று நினைத்துக்கொள்கிறோம், பதிவேட்டில் அது வேறொன்றாக இருக்கும். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசியில் நிற்கும். அதனால்தான் கோத்தா டாமான்சாராவில் மக்கள் ஆண்டுக்கணக்கில் விடாமல் போராடி, மிச்சமிருந்த சுமார் 320 ஹெக்டேர் காட்டை 2010-ல் அரசிதழில் ஏற்ற வைத்தார்கள். அரசிதழில் ஏறிய பிறகும் காவல் வேண்டும். கோலா லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியை 2021 மே மாதம் நீக்கினார்கள், எதிர்ப்புக் கிளம்பி அதே ஆண்டு செப்டம்பரில் அந்த முடிவை மாற்றினார்கள்.

உங்கள் மலைக்குச் சரிவு வேறு ஒரு கவலை. 1993 டிசம்பர் 11-ல் அம்பாங் பக்கம் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் போனார்கள். மேலிருந்து வருகிற தண்ணீருக்குச் சரியான வழி இல்லாத சரிவில் என்ன நடக்கும் என்பதை அந்த நாளில் பார்த்தோம். உங்கள் பக்கத்திலேயே 2012 கடைசியில் செத்தியாவங்சாவில் தடுப்புச் சுவர் சரிந்து வீடுகளைக் காலி செய்ய வைத்தார்கள். ஆகவே மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர் கேள்வி கேட்பதை யாரும் அற்பமாக நினைக்க முடியாது.

புக்கிட் டிண்டிங்குக்கு என்றே குடியிருப்பாளர்கள் நண்பர் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள், முதலில் அதில் சேருங்கள். அப்புறம் கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-ல் உங்கள் மலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை அதுதான் சொல்கிறது. மேம்பாட்டு அறிவிப்புப் பலகை எங்காவது வைத்திருந்தால் முழுப் பலகையையும் கிட்டத்தில் நின்று படம் எடுங்கள், நில எண்ணும் ஆட்சேபத்துக்கான கடைசித் தேதியும் அதில் தெளிவாக விழ வேண்டும். மாநகர் மன்றத்துக்கு அனுப்புகிற ஆட்சேபக் கடிதத்தில் "காடு அழகாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். உங்கள் வீட்டு எண், சரிவிலிருந்து எவ்வளவு தூரம், மழையில் எந்த இடத்தில் தண்ணீர் புரள்கிறது, எந்தச் சுவரில் விரிசல், தேதி போட்ட படங்களோடு எழுதுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எழுதச் சொல்லிக் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனிக் கடிதம் போகட்டும், ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திய நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.